மூடுபனியில் நின்ற மொபெட்

முதல் நாள் நான் அதை அரை மணி நேரம்கூட விளையாடவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நடந்த அத்தனைக்கும் அந்த அரை மணி நேரம்தான் காரணம். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த அரை மணி நேரத்தைப் பற்றி நான் சொன்ன பொய்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த நாட்கள். நாமக்கல்லைச் சுற்றியுள்ள முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு நான் மருத்துவர். வெயில் ஏறினால் கோழிகள் வாயைப் பிளக்கும், பண்ணைக்காரர்கள் என் கைபேசியைப் பிடித்துக்கொள்வார்கள். அன்று காலை ஏழு மணிக்குள் மூன்று அழைப்புகள் வந்திருந்தன. ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு காலை நுழைத்துவிட்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வந்து நின்று, இரண்டு கைகளாலும் எதையோ நீட்டினார். கோவிலில் பிரசாதம் வாங்குவதைப் போல நானும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

முடித்துவிட்டதாகச் சொன்னார். நீதான் முதல் ஆள், விளையாடிப் பார்த்துவிட்டுச் சொல் என்றார். மூன்று வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பூட்ஸோடு சோபாவில் உட்கார்ந்தேன்.

கையில் பிடித்து விளையாடுகிற கருவி அது. நடுவில் திரை, இரண்டு பக்கமும் கட்டைவிரலுக்கு ஒரு குமிழ், சில பொத்தான்கள். கருவி கடையில் வாங்கியது. உள்ளே இருந்த விளையாட்டு அவருடையது. பெங்களூரில் பதினாறு வருடம் கணினி வேலை பார்த்தவர், அதை விட்டுவிடட்டுமா என்று மூன்று வருடத்துக்கு முன்பு கேட்டார். நல்லதுதானுங்க என்றேன். மகள் படிப்புக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டதால் அவளுடைய அறை காலியாக இருந்தது. அதற்குள் போய் உட்கார்ந்தவர் இதைச் செய்தார். படம் வரைந்தவர் ஓர் ஊர், இசை போட்டவர் ஓர் ஊர். அவர்களின் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். மூன்று வருடமும் அந்த அறையின் மின்விசிறி நின்றதில்லை.

கதை இதுதான். ஒரு பெண் மொபெட்டின் பின்னால் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள். மேலே அவள் பிறந்த ஊர் இருந்தது. இப்போது அங்கே போய் வந்தவர் ஒருவரும் இல்லை. வழி கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுகிறார்கள். இடையில் இருக்கும் ஊர்களில் முட்டையைக் கொடுத்தால் யாராவது ஒரு துப்பு சொல்வார்கள். முட்டை உடைந்தால் துப்பும் போனது. நம்மூர்க்காரர் செய்த விளையாட்டில் முட்டை இல்லாமல் இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரம்பம் நிஜமாகவே அழகாக இருந்தது. அடிவாரத்துப் புளியமரங்களுக்கு நடுவே வண்டி போகும்போது வெயிலும் நிழலும் மாறி மாறி அவள் முதுகில் விழுந்தன. மொபெட்டின் சத்தம் அசல் மொபெட்டின் சத்தம். பள்ளத்தில் இறங்கினால் கருவி என் உள்ளங்கையில் அதிர்ந்தது. ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அங்கே இருந்த கிழவன் என்னைப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தான். நான் அசந்து போனேன். இந்த மனிதருக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மூடுபனி வந்தது. திரை முழுக்கச் சாம்பல் நிறம். மொபெட்டின் பின்விளக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. மலையில் வண்டி ஓட்டுகிற யாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், ஹாரனை அமுக்கினேன். பனி இன்னும் தடித்தது. மெதுவாக ஆக்சிலேட்டரை முறுக்கினேன். பின்னால் 'டப்' என்று ஒரு முட்டை உடைந்தது. மறுபடி ஹாரன், மறுபடி பனி, மறுபடி 'டப்'. அட்டை காலியானதும் என்னை வளைவின் தொடக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியது. ஏழெட்டு முறை முயன்றேன். என் கைபேசி அடித்தது. கருவியைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அவர் கதவருகே நின்றிருந்தார். எப்படி என்று கேட்டார். நல்லா இருக்குதுங்க, அருமையா இருக்குது என்றேன். எதுவரை போனாய் என்றார். மலை ஏறிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே காரை எடுத்துவிட்டேன். மூன்று வளைவு ஏறியதும் மலை ஏறியதுதானே.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது. கல்யாணப் பந்தியில் ரசத்தில் உப்பே இருக்காது. கை கழுவிக்கொண்டு வரும்போது பெண்ணின் அப்பா நின்று சாப்பாடு எப்படிங்க என்பார். அருமைங்க என்போம். வீடு வந்து சேருகிறவரை காருக்குள் அந்த உப்பைப் பற்றித்தான் பேச்சு நடக்கும், ஆனால் அந்த மனிதரின் காதில் ஒரு சொல் விழாது. செய்தவர் முகத்தைப் பார்த்துக் குறை சொல்வது எங்களுக்கு மரியாதைக் கேடு. நான் கோழிக்கு வைத்தியம் பார்க்கிறவள், பண்ணைக்காரரிடம் தண்ணீர்க் குழாய் நாறுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள். வீட்டுக்குள் வந்தால் நானும் பந்தியில் கை கழுவின ஆள்தான்.

என் வீட்டுக்காரருக்கு இன்னும் மூன்று பேர் விளையாடிப் பார்க்க வேண்டும். தானே போய்க் கொடுத்தால் பக்கத்திலேயே நிற்கத் தோன்றும், நின்றால் அவர்களுக்குக் கூச்சமாகிவிடும் என்றார். உண்மையில் கூச்சம் அவருக்குத்தான். அதனால் கருவி என் காரில் ஏறியது. நான் வேலைக்குப் போகிற வழியில் ஆளுக்கு ஒரு வாரம் கொடுப்பது, திரும்ப வாங்கும்போது என்ன சொல்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுப்பது என்று ஏற்பாடு. அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தார்.

முதலில் மோகனூர் சாலையில் ஒரு பண்ணைக்காரர். ஐம்பது வயது தாண்டியவர், கைபேசியில் சீட்டாடுவதில் மன்னன். ஒரு வாரம் கழித்து, கருவியை மஞ்சள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன மூளைங்க டாக்டரம்மா, பிரமாதம் என்றார். எழுதிக்கொண்டேன். அடுத்து, சேலம் அஸ்தம்பட்டியில் கிளினிக் வைத்திருக்கும் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள். பிசியோதெரபி செய்கிறவள், விளையாட்டுப் பிரியை. ரொம்ப நல்லா இருக்குதுங்க அண்ணி, படமெல்லாம் அவ்வளவு அழகு என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். மூன்றாவது, என் வீட்டுக்காரருடன் பள்ளியில் படித்த, அதே சேலத்தின் செவ்வாய்ப்பேட்டை மளிகை மொத்த வியாபாரி. பையன் அசத்தியிருக்கிறான் பார், நம்ம செட்டில் இவன் ஒருத்தன்தான் உருப்பட்டவன் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அதையும்தான்.

ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து நோட்டைப் படிப்பேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்பார். ஒரு முறை, ஒருத்தரும் ஒன்றுமே குறை சொல்லலையா என்று கேட்டார். இல்லீங்களே என்றேன். அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ பிறாண்டியது. நின்று அது என்னவென்று பார்க்க எனக்கு நேரமில்லை. எனக்கு எதற்குத்தான் நேரம் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை ஒன்றுக்கு அவர் இதை அனுப்பவேண்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அனுப்பிவிட்டால் உலகத்தில் யாரும் வாங்கி விளையாடலாம். பழைய அலுவலகத்து மேலாளர் அவருக்காக ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்தார். விளையாட்டு ஓடவில்லை என்றால் திரும்பவும் பெங்களூர் என்று அவர் தனக்குத்தானே ஒரு கெடு வைத்துக்கொண்டிருந்தார். பதினாறு வருடம் சனிக்கிழமை காலை வந்து ஞாயிற்றுக்கிழமை மாலை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய மனிதர். அவர் இனிப் போகக் கூடாது. மூன்று வருடமாக எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

அந்த வெள்ளிக்கு முந்தைய புதன்கிழமை. மத்தியானம் செவ்வாய்ப்பேட்டையில் கருவியை வாங்கிக்கொண்டு காரில் ஏறினேன். சந்தின் முனையில் சர்க்கரை மூட்டை இறக்கும் லாரி நின்றிருந்தது. முன்னால் ஆட்டோ, பின்னால் டவுன் பஸ். அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். எனக்கு ஐந்து நிமிடமே அதிகம். ஸ்டியரிங்கைத் தட்டினேன், ஏசியைக் கூட்டிக் குறைத்தேன், இறங்கி லாரிக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன், எருமப்பட்டிப் பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு மருந்தின் அளவைப் போனிலேயே சொன்னேன். அப்புறமும் லாரி நகரவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்து இருக்கையில் கிடந்த கருவியை எடுத்து முடுக்கினேன். முதல் நாளுக்குப் பிறகு அதை நான் தொட்டுத் திறந்தது அன்றுதான்.

விளையாடியவர் ஒவ்வொருவருக்கும் என் வீட்டுக்காரர் அதில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார். அவர்கள் கடைசியாக எங்கே விட்டார்களோ அந்தக் காட்சி சின்னப் படமாக அதில் நிற்கும். திரையில் நான்கு படங்கள் வந்தன. நான்கும் ஒரே படம். சாம்பல் நிறம், நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.

முதலில் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு. எல்லோரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். பண்ணைக்காரர், அஸ்தம்பட்டிக்காரி, கடை முழுக்கக் கேட்கப் பாராட்டிய வியாபாரி, நான். மூன்று வருட வேலையில் மலையின் மீதி முழுவதையும் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

பின்னால் பஸ் ஹாரன் அடித்தபோதுதான் லாரி போய்விட்டதைக் கவனித்தேன். காரை நகர்த்தி, கொஞ்சம் தள்ளி ஓர் ஓரமாக நிறுத்தி, அஸ்தம்பட்டிக்காரிக்குப் போன் போட்டேன். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. பனிகிட்டயே நிறுத்திட்டயா என்று கேட்டேன்.

"ஆமாங்க அண்ணி," என்றாள். "அதுக்கு மேல போகவே தெரியலீங்க."

அப்புறம் எதற்கடி ரொம்ப நல்லா இருக்குதென்று சொன்னாய் என்று கத்தினேன்.

"அண்ணன் மூணு வருசமா அந்த ரூமுக்குள்ளயே கெடந்து பண்ணியிருக்குது. அதுகிட்டப் போயி எப்பிடிங்க அண்ணி சொல்றது? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?"

போனை வைத்துவிட்டேன். எனக்கு அவள்மேல் வந்த கோபம் ராசிபுரம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. மீதிக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் கருவி இருக்கையில் குதித்தது.

அன்று மாலையே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குள் போனேன். அவர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். வா வா, இதைப் பார் என்றார். இணையக் கடையில் விளையாட்டுக்கு ஒரு பக்கம் உண்டு. அதில் படங்கள், கதைச் சுருக்கம், கீழே ஒரு கட்டம். கட்டத்தின் தலைப்பு, முதலில் விளையாடியவர்கள் சொல்கிறார்கள். நோட்டில் நான் எழுதிக்கொண்டு வந்ததை எல்லாம் அப்படியே தட்டச்சு செய்து வைத்திருந்தார். பிரமாதம் என்கிறார் ஒரு கோழிப்பண்ணை உரிமையாளர். படங்கள் அவ்வளவு அழகு என்கிறார் ஒரு பிசியோதெரபிஸ்ட். எல்லாவற்றுக்கும் மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில்: அருமையாக இருக்கிறது, ஒரு கால்நடை மருத்துவர்.

என் கையிலிருந்த நோட்டை வாங்கி வியாபாரி சொன்னதையும் சேர்த்தார். உன் பெயரைப் போடவில்லை, பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லீங்க என்றேன். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போய்த் தோசை ஊற்றினேன். மூன்று தோசை கருகியது. நான்காவதை அவருக்கு வைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பண்ணை பண்ணையாக மண்டைக்குள் ஒரே ஓட்டம். சொன்னால் மனிதர் உடைந்துபோவார். நாளைக்கு அனுப்ப முடியாது, திருத்த மாதக்கணக்கில் ஆகலாம், அதற்குள் மேலாளர் வைத்திருக்கும் இடம் போய்விடும் என்று இப்போதே பெங்களூருக்குக் கிளம்பினாலும் கிளம்புவார். சொல்லாவிட்டால், முகம் தெரியாத ஆட்கள் நாளை மறுநாள் சொல்வார்கள். அவர்கள் பந்தியில் கை கழுவின ஆட்கள் கிடையாது. காசு கொடுத்து வாங்கியவர்கள், கிழிகிழியென்று கிழிப்பார்கள். அப்போதும் பெங்களூர்தான்.

ஒரு கொட்டகையில் முட்டை குறைகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் என்னோடு நடந்துகொண்டே எல்லாம் நன்றாக இருப்பதாக வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தீவனம் நன்றாக இருக்கிறது, தண்ணீர் நன்றாக இருக்கிறது, கோழி நன்றாகத் தின்கிறது. நான் தீவனத் தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். காலையில் போட்டதில் பாதிக்குமேல் அப்படியே கிடந்தது. தின்கிறதா இல்லையா என்று நான் யாரையும் கேட்பதில்லை, தொட்டியைத்தான் பார்ப்பேன். பதினெட்டு வருடமாக இப்படித்தான் வேலை செய்கிறேன். ஒரு மாதமாகக் கருவி என் கார் வழியாகத்தான் கை மாறியது. முந்தின நாள் வரை ஒருமுறைகூட அதைத் திறந்து பார்க்காமல், நோட்டில் பாராட்டை எழுதிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கொட்டகைக்குள்ளேயே என்னை நானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டேன். மேற்பார்வையாளர் தன்னைச் சொல்வதாக நினைத்துப் பயந்துவிட்டார்.

அடுத்து இரண்டு பண்ணை பாக்கி இருந்தது. நாளைக்கு வாரேனுங்க என்று இரண்டு பேருக்கும் போனில் சொல்லிவிட்டு வீட்டுக்கு விட்டேன்.

நான்கு மணி இருக்கும். கைகால் கழுவாமல் அப்படியே அறைக்குள் போனேன். அவருக்கு முன்னால் விசைப்பலகைமீது கருவியை வைத்து நான்கு படங்களையும் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. பேச ஆரம்பித்தால் நல்லபடியாக ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன் என்று எனக்கே என்மேல் பயம்.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒவ்வொரு படத்தின்மேலும் விரலை வைத்தார். வியாபாரி, தங்கச்சி, பண்ணைக்காரர் என்று பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தவர் கடைசியில் நின்றார்.

"இந்த மொதல்ல இருக்கறது?"

"என்னோடதுங்க."

நான் எதிர்பார்த்தது கோபம். இல்லையென்றால் அழுகை. அவர் எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார், முதலிலிருந்து விளையாடு, நான் ஒன்றும் பேசமாட்டேன் என்றார். கோழி எச்சம் மிதித்த பூட்ஸோடு உட்கார்ந்தேன். புளியமரம், டீக்கடை, முதல் வளைவு. அவர் திரையைப் பார்க்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரசவ அறைக்கு வெளியே நிற்பவரைப் போல இருந்தது அவர் முகம். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

பனி வந்ததும் என் விரல் தானாகவே ஹாரனுக்குப் போனது. ஏன் அதை அமுக்குகிறாய் என்றார், பேசமாட்டேன் என்று சொன்னதை மறந்து. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மலையில் கொண்டை ஊசியில் ஹாரன் அடிக்காமல் யாருங்க போவார்கள், எதிரில் பஸ் வந்தால் என்ன கதி, கொல்லிமலையில் வளைவுக்கு வளைவு பலகையே வைத்திருக்கிறார்களே என்றேன். அவர் விழித்தார். வண்டியை அணைத்துவிட்டு, எதையும் தொடாமல் சும்மா இருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் பனி விலகிப் பாதை தெரியும், அதுதான் அந்த இடத்தின் விடை என்றார். மலையில் பனி வந்தால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள் என்று நினைத்தாராம். அவருக்கு மலைப்பாதையில் தலைசுற்றும். எத்தனையோ முறை மலைக்குப் போயிருக்கிறோம். வண்டி ஓட்டுவது நான். அவர் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியபடியே வருவார். கண்ணை மூடிக்கொண்டு வருகிற மனிதர் வளைவை வைத்து விளையாட்டு செய்தால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லியே விட்டேன்.

அவரும் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் ஒரு தாளில் ஹாரன் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். என்னை மறுபடியும் அதே வளைவை ஓட்டச் சொன்னார். எங்கே எரிச்சல் வருகிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை உடைந்தால் மறுபடி வளைவின் தொடக்கத்திலிருந்து போகச் சொல்வது கடுப்பாக இருக்கிறது, டீக்கடைக் கிழவன் ஒரு வார்த்தையாவது சொல்லலாம், நிறுத்து என்று யாராவது காட்டினால் போதும், எனக்கு சும்மா இருக்கத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியாதா. வாய் திறந்த பிறகு மூட முடியவில்லை. தாள் நிறைந்து பின்பக்கம் போனது.

பிறகு அவர் கணினிப் பக்கம் திரும்பி, நாளைக்கு அனுப்பவில்லை, இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்று இணையக் கடைக்கு ஒரு கடிதம் போட்டார். அப்படியானால் மேலாளர் வைத்திருக்கும் இடம் என்று நான் இழுத்தேன். அது போகட்டும், வேறு எங்காவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் பாராட்டுக் கட்டத்தைத் திறந்தார். வியாபாரி சொன்னதை அழித்தார். தங்கச்சி சொன்னதை அழித்தார். பண்ணைக்காரர் சொன்னதை அழித்தார். கால்நடை மருத்துவரை மட்டும் அழிக்காமல் சுட்டியை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழிச்சிருங்க என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"வேற எதெல்லாம் இந்த மாதிரி நல்லா இருக்குதுன்னு சொல்லியிருக்கே?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தச் சொல் நாக்கு நுனியில் எப்போதும் தயாராக இருக்கும். கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. யாரோ பண்ணைக்காரர். எடுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம். அதைத் திருப்பிப் போட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தேன்.

"நீங்க வேலைய உட்டது நல்லதுன்னு சொன்னதுங்க."

அவர் கை சுட்டியிலிருந்து இறங்கியது. "தப்புன்னா நெனச்சே?"

"தப்புன்னுதாங்க நெனச்சேன். என் ஒருத்தி சம்பாத்தியத்துல எப்பிடி ஓட்டறதுன்னு அன்னைக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. இப்பவும் இருக்குது."

 

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல," என்றார். "நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உட்டே இருக்க மாட்டனே. அங்கயே இருந்திருப்பேன்."

"தெரியுமுங்க," என்றேன். "அதனாலதான் சொல்லலீங்க."